பெண்டாட்டியைப் பின்தொடர்ந்த குற்றம்

1

மலை மேல் இருப்பவர்களுக்கும், மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் குடியேறிவிட்டவர்களுக்கும், கடல் தாண்டி வந்த சடையன் எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நம் ஊரில் ஒரு தடவை என்னைச் செத்தவனாக வைத்து அழுதிருக்கிறார்கள். அந்தக் கதையும் இதில் வருகிறது.

எழுதுவது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைத் திட்டுவார்கள். என்னை அப்படித் திட்டவும் முடியாது. நம் பக்கத்தில் ஒதுங்குவதற்குப் பள்ளிக்கூடமே இல்லை. மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் சேர்ந்த பிறகு, முப்பது வயதுக்கு மேல், மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பழைய தமிழ்ப் பேப்பரைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். அதனால் நான் படித்த செய்தி எல்லாம் பாதியில் கிழிந்தவை. ஒரு மந்திரி என்ன செய்யப் போவதாகச் சொன்னார் என்பது தெரியும். செய்தாரா இல்லையா என்பது பருப்போடு போய்விடும். நான் எழுதியதைத் தோட்டத்து வாத்தியார் திருத்திக் கொடுத்திருக்கிறார். எழுத்து நேராக இருந்தால் அது அவர் புண்ணியம். விஷயம் கோணலாக இருந்தால் அது என் சொந்தச் சரக்கு.

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை டவுனில் என்னைப் போலீஸ் பிடித்தது. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போனேன் என்பது குற்றம். அந்தப் பெண் என் பெண்டாட்டி செல்லாயி. பின்தொடர்ந்தது நிஜம். பதினைந்து வருஷமாகப் பின்தொடர்கிறேன். இத்தனை நாள் பிடிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம்.

2

நம் மலையில் எப்படி நடப்போம் என்று மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடிவாரத்துக்காரர்களும் படிப்பார்களே என்று வாத்தியார் சொல்வதால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் தடம் ஒரு காலுக்கு மட்டும் இடம் கொடுக்கிற தடம். இரண்டாவது கால் தன் முறை வரும் வரை காற்றில் காத்திருக்க வேண்டும். அதனால் பத்துப் பேர் போனாலும் ஒருவர் பின்னால் ஒருவர்தான். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, பகைக்காரர்கள், எல்லோரும் அப்படித்தான். சண்டை போட்டால்கூட முதுகைப் பார்த்துத்தான் போட முடியும்.

முன்னால் போகிறவருக்கு ஒரு வேலை உண்டு. தடத்தில் எது குறுக்கிட்டாலும் சொல்ல வேண்டும். கல் இருந்தால் "கல்லு." முள் இருந்தால் "முள்ளு." அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்லுவார், அவருக்கு அடுத்தவர் அவருக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்லுவார். இப்படி ஒரு கல் பத்து வாய் வழியாக வால் வரைக்கும் போய்ச் சேரும். கடைசி ஆளும் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இல்லையே என்று கேட்கக் கூடாது. இருந்தால் என்ன செய்வது?

நானும் செல்லாயியும் இங்கே டவுனிலும் அப்படித்தான் நடக்கிறோம். ரோடு என்னவோ நாலு லாரி சோடி போட்டுப் போகிற அகலம். ஆனால் காலுக்கு அது தெரிவதில்லை. செல்லாயி முன்னால், நான் பத்தடி பின்னால், கையில் பை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் எங்கள் மகள் ராணி வருவாள். பதிமூன்று வயது, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எங்களை முன்பின் பார்த்திராதவள் மாதிரி வருவாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மா நடுரோட்டில் "சைக்கிளு" என்று கத்த, அப்பன் பத்தடி பின்னால் "சைக்கிளு" என்று கத்திக்கொண்டு வந்தால், இங்கிலீஷ் படித்த பிள்ளை என்ன செய்யும்? வீட்டிலேயே அவள் வாயில் நம் பேச்சு வந்து நாளாகிறது. சோறு வேண்டுமா என்று தமிழில் கேட்டால், வேண்டாம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தமிழ்நாட்டு அளவில் சாப்பிடுகிறாள்.

போன சனிக்கிழமை மூலையில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். இளவயது. உடுப்பில் கஞ்சி மொடமொடத்தது. செல்லாயிக்கு அவர் வழியில் நிற்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். கல் மாதிரி, மாடு மாதிரி. அவரைச் சுற்றிக்கொண்டு போகும்போது "போலீசு" என்றாள். நான் கடமை தவறாமல் பின்னாலிருந்து "போலீசு" என்றேன்.

அவர் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் போலீசைக் கூப்பிடுகிறாள். பின்னால் ஒரு ஆள் பையோடு வந்து அவளைப் போலவே கத்திக் கிண்டல் செய்கிறான். பிடிக்காமல் விட்டால்தான் அவர் வேலைக்கு லாயக்கில்லாதவர்.

எனக்குத் தெரிந்த மலாய் மொழி மொத்தமும் மரம், பால், வாளி, மழை, நாளைக்கு வா. இதை வைத்துக்கொண்டு கல்யாணத்தை எப்படி விளக்குவது? மரத்துக்கும் வாளிக்கும் என்ன சம்பந்தமோ அதுதான் எனக்கும் அவளுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு செல்லாயியைக் கூப்பிட்டு, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். அது அவளுக்குப் புரிந்தது.

செல்லாயி திரும்பி என்னைப் பார்த்தாள். உடனே பதில் சொல்லவில்லை. அவள் யோசித்து முடிப்பதற்குள் நான் பதினைந்து வருஷம் பின்னால் போய் வந்துவிட்டேன். நீங்களும் வாருங்கள்.

3

மலாயாவில் மரத்தில் பால் கறக்கிறார்கள் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சந்தையில் சொன்னார். மரம் உதைக்காது, மேய்க்க வேண்டாம், கன்றுக்குட்டி குறுக்கே வராது. இதைவிட நல்ல மாடு ஏது என்று கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கும் செல்லாயிக்கும் கல்யாணமாகி ஆறு மாதம். அவள் நம் மலையிலேயே, சில ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டில், தன் அப்பா வீட்டில் இருந்தாள். அவள் அப்பா என் அம்மாவின் கூடப்பிறந்தவர், எனக்கு மாமன். ஒரு வருஷத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். ஐந்து வருஷம் ஆனது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணத் தெரியாதவன் என்று மாமன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டி வர அனுமதிக் காகிதம் வேண்டும். ஆபீசில் ஒரு தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா, உட்கார்ந்து கேள்வி கேட்டார். பெண்டாட்டி வீட்டுக் கதவு நம்பர் என்ன? நம்பர் இல்லை, கதவே தட்டிதான். தெரு? தெரு இல்லை, மலை. பின்னே தபால் எப்படி வரும்? தபால் அடிவாரத்துக்கு வரும், சந்தைக்கு வந்தவர் யாராவது வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், வேட்டி துவைக்கும்போது ஞாபகம் வந்து கொண்டுவந்து கொடுப்பார், அதைப் படிக்க ஆள் தேடி நாங்கள் மறுபடி கீழே இறங்குவோம் என்று விளக்கினேன். கிராணி பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, கதவு நம்பர் ஒன்று என்று எழுதினார். வேறு நம்பர் இல்லாத ஊரில் அது தப்பு ஆகாதாம்.

அந்தக் காகிதத்துக்கு ஆயுசு கம்மி. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் குறிப்பிட்ட கப்பலில் செல்லாயியோடு ஏற வேண்டும். தவறவிட்டால் மறுபடி கொடுப்பீர்களா என்று கேட்டேன். கிராணி கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை, நானும் பார்த்தேன்.

ஐப்பசி மாதம் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கப்பலுக்குப் பதினோரு நாள். நாகப்பட்டினம் போகவும் அங்கே ஊசி போடவும் நாலு நாள் கழித்தால், மலையில் எனக்கு ஒரு வாரம். கவலையே படவில்லை. கால்சட்டை, தொப்பி, குடை, தகரப் பெட்டி, முக்கியமாக பூட்ஸ். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அந்த மரியாதையிலேயே மலை ஏறிவிடலாம் என்று நினைத்தேன்.

மலைக்கு இதெல்லாம் தெரியவில்லை. ஐந்து வருஷம் சமதரையில் நடந்த கால் மூன்றாவது வளைவில் ராஜினாமா செய்துவிட்டது. பூட்ஸ் முன்னே போக ஆசைப்பட்டது, பாறை அதைப் பின்னே அனுப்பியது. நான் நடுவில் நின்று இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தொப்பியைத் தலைக்கு வைத்துத் தடத்திலேயே படுத்துவிட்டேன்.

அந்த வழியாகப் பலாப்பழம் விற்றுவிட்டுத் திரும்பிய நம் ஊர் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். அதில் கருப்பன் என்னோடு சேர்ந்து ஆடு மேய்த்தவன். மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலி செய்தான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை, அவர்கள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறிப் படுத்தேன்.

"பழத்தெக் கீழ எறக்கிட்டு வந்தம்னு பாத்தா, பழம் மேல ஏறுது," என்றான் கருப்பன். "ஏன்டா சடையா, கடலெல்லாம் தாண்டி வந்தயே, இந்தக் கரட்டெத் தாண்ட முடியலயா?"

கடலில் கப்பல் நடந்தது என்று சொன்னேன். நாலு பேரும் சிரித்ததில் டோலி ஆடியது.

4

நம் மலையில் டோலியில் யார் வருவார்கள்? நோயாளி வருவார், பிள்ளைத்தாய்ச்சி வருவாள், அடிவாரத்து ஆஸ்பத்திரியில் முடிந்துபோனவர் வருவார். நான் பிள்ளைத்தாய்ச்சி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மேலே மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, சடையனை டோலியில் கொண்டு வருகிறார்கள் என்று மேட்டுக்குக் குரல் கொடுத்தார். மேட்டில் இருந்தவர் அடுத்த மேட்டுக்குக் கொடுத்தார். செய்தி என்னைவிட வேகமாக ஏறியது. நான் அனுப்பிய கடிதம் அப்போதும் யாரோ ஒருவர் மடியில் இருந்தது. ஆகையால் நான் வருவதே யாருக்கும் தெரியாது, கொண்டு வரப்படுவது மட்டும் தெரிந்தது.

ஊர் எல்லையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. யார் செத்தது என்று கருப்பனைக் கேட்டேன். நீதான் போலிருக்கிறது என்றான். என் மாமியார் தலைவிரி கோலமாக ஓடி வந்தார். என்னைப் பற்றி அவர் அவ்வளவு நல்லதாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதைக் கெடுப்பானேன் என்று கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தேன்.

செல்லாயி மட்டும் அழவில்லை. நேராக வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"அழுவாதீங்கம்மா," என்றாள். "பொணத்துக்கு யாரும் தொப்பி போட்டு உட மாட்டாங்க."

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. என்னிடம்கூட இல்லை, அவள் அம்மாவிடம்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் ஊரே சிரித்தது. மாமன் சிரிக்கவில்லை. காகிதத்தைக் காட்டினேன். சர்க்கார் தன் வீட்டுக்கு ஒன்றாம் நம்பர் கொடுத்திருக்கிறது என்பதை மட்டும் பெருமையாகக் கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார் என்று கேள்வி. அதன் பிறகு காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"எம் மகளெ அனுப்ப மாட்டேன் மாப்ள. இங்க உனக்கு ஒண்ணுன்னா தூக்கியார நாலு பேரு இருக்கறாங்க. அங்க அவளுக்கு ஒண்ணுன்னா நீ தூக்குவயா? உன்னையே தூக்க நாலு ஆளு வேணுமே."

அதற்குப் பதில் இருந்தால் இன்றைக்கும் சொல்லிவிடுவேன். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் சொன்னது நியாயம். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை.

நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். ஒரு வழி சொன்னார். அடிவாரத்துக் கடையிலிருந்து நாலு வள்ளம் உப்பை அளந்து மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் கொண்டுவர வேண்டும். பூட்ஸ் கூடாது. வழியில் உட்காரக் கூடாது. நம் மலையில் பதினாறு வயதுப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே செய்கிற வேலை. நான் சம்மதித்தேன். மலாயாவிலிருந்து வந்தவனுக்கு உப்பு மூட்டை எம்மாத்திரம் என்றும் சொன்னேன். இந்த வாயை மட்டும் பூட்ஸ் மாதிரி கழற்றி வைக்க முடிந்திருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும்.

5

முதல் மூன்று நாள் கால் வீங்கிப் படுத்திருந்தேன். நாலாவது நாள் இறங்கினேன். உப்பை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு வளைவு ஏறினேன். அங்கே உட்காரவில்லை. விழுந்தேன். இரண்டும் வேறு வேறு என்று மாமனிடம் வாதாடலாம் என்று யோசித்தேன், ஆனால் விழுந்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டேன். உப்பைத் திரும்பக் கடையிலேயே வைத்துவிட்டு வெறும் தலையோடு மேலே போய்ச் சேர்ந்தேன். கருப்பன் டோலி மூங்கிலைத் தூக்கிக் காட்டினான்.

கடைசி நாள் வந்தது. அன்றைக்கு ஏறாவிட்டால் கப்பல் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும், காகிதம் செத்துப்போகும், செல்லாயி ஒன்றாம் நம்பர் வீட்டில் இருந்துவிடுவாள். காலையில் நான் இறங்கும்போது அவளும் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மிளகாய் வாங்க வேண்டும் என்றாள். வீட்டில் கூரை முட்ட மிளகாய் கிடந்தது. மாமன் பார்த்தார். மேகம் கருத்திருந்ததால் கொங்காடையை எடுத்துப்போ என்று மட்டும் சொன்னார். கொங்காடை என்பது மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை மூடிக்கொள்கிற கம்பளி மடிப்பு.

ஏறும்போது அவள் முன்னால் நடந்தாள். எனக்குத் தலையில் மூட்டை, கண்ணில் வேர்வை. என் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. "கல்லு." நான் "கல்லு" என்பேன். "வேரு." "வேரு." "வழுக்கு." "வழுக்கு." "அட்டெ." அட்டையை நான் திருப்பிச் சொல்லும் முன்பே அது என்மேல் ஏறிவிட்டது. அவள் சொன்ன இடத்தில் காலை வைத்தேன், சொல்லாத இடத்தில் வைக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. பயணம் அறிவைக் கொடுக்கும் என்று வாத்தியார் சொல்கிறார். எனக்கு அது கொப்புளத்தைக் கொடுத்தது, கூட இது ஒன்றையும் கொடுத்தது: போகிற வழி உனக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, முன்னால் போகிறவர் நல்லவராக இருந்தால் போதும்.

பாதி வழியில் சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கி வைத்து நின்றேன். அதற்கு மேல் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்தது. என் கால் அறுத்த கோழி மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, அருவி இடம் மாறி வந்த மாதிரி மழை.

செல்லாயி கொங்காடையை விரித்தாள். மூட்டைக்கு மேல் போடுவாள் என்று நினைத்தேன். தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"தூக்குங்க மாமா. போலாம்," என்றாள்.

தூக்கினேன். மழையில் உப்பு கரைந்து என் நெற்றி வழியாக, மூக்கு வழியாக, முதுகு வழியாக இறங்கியது. கால் கொப்புளத்தில் பட்டபோது எரிச்சலில் நான் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரம் மாறின. ஆனால் வளைவுக்கு வளைவு மூட்டை லேசாகிக்கொண்டே வந்தது. கடைசி ஏற்றத்தில் எனக்குப் பாட்டே வந்துவிட்டது.

வாசலில் மாமன் நின்றிருந்தார். மூட்டையைப் பிரித்தார். ஒரு வள்ளத்துக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தது.

"மிச்சம் எங்க மாப்ள?"

வழியெல்லாம் இருக்கிறது என்றேன். அவர் என் கன்னத்தில் விரலை வைத்துத் தடவினார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இருக்குது," என்றார்.

பிறகு செல்லாயியைப் பார்த்தார். மலையில் பிறந்தவர் யாரும் உப்பை நனையவிட மாட்டார்கள். தான் நனைந்து உப்பை மூடுவார்கள். அதுவும் செல்லாயி தூறலுக்கும் மழைக்கும் தலை மூடுகிற பெண்ணே இல்லை.

"ஏங் கண்ணு, கொங்காடையெ மூட்டெ மேல போடலயா?"

"மழெ எனக்குந்தானுங்கப்பா பேஞ்சுது."

அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. ரயிலில் போகும்போது திடீரென்று புரிந்து, எழுந்து நின்று, மேல் பலகையில் தலையை இடித்துக்கொண்டேன்.

மறுநாள் கிளம்பும்போது மாமன் அடிவாரம் வரைக்கும் வந்தார். பஸ்ஸில் ஏறப்போன என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கயும் அவளெ முன்னால உடு. நீ பின்னால போ. உனக்கு அதுதான் வருது."

6

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கினோம். மாமன் சொன்னபடி அவளை முன்னால் விட்டேன். அவள் அதுவரை ரோடு என்பதில் சேர்ந்தாற்போல் கால்மைல்கூட நடந்ததில்லை. தார் ரோடு, துடைத்து வைத்த மாதிரி. கல் இல்லை, வேர் இல்லை, முள் இல்லை. கொஞ்ச தூரம் பேசாமல் போனாள். பின்னால் வருபவனுக்கு ஒன்றும் சொல்லாமல் போவது அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லெ," என்றாள்.

"ஒண்ணுமில்லெ," என்றேன் நான்.

துறைமுகத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அப்படியே போனோம். ஒண்ணுமில்லெ, ஒண்ணுமில்லெ, ஒண்ணுமில்லெ. வழியில் ஒரு சீனக் கடைக்காரர் நாங்கள் ஏதோ விற்கிறோம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்தார். தகரப் பெட்டியைத் தவிர கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் அவளுக்கு இந்த ஊரிலும் சொல்வதற்கு விஷயம் கிடைத்தது. சைக்கிள், நாய், கங்காணி, வழுக்கும் வாழைத்தோல். அவள் சொல்ல நான் சொல்ல, பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரு தடவை காய்ச்சல் கண்டபோது தோட்டத்து ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஒருவனே தூக்கிப்போனேன். மாமனுக்கு இதைத் தெரியப்படுத்துங்கள். தூரத்தைச் சொல்ல வேண்டாம். இருநூறு அடிதான்.

7

மறுபடி மூலைக்கு வருவோம். போலீஸ்காரர் கை இன்னும் என் தோளில். செல்லாயி யோசித்து முடித்தாள்.

"தெரியுங்க," என்றாள். "எம் பின்னால வாரவரு."

அவர் கேட்டதற்கும் இதுதான் விடை, பிடித்ததற்கும் இதுதான் குற்றம். அவருக்குத் தமிழ் தெரியாததால் தப்பித்தேன். வேறு வழியில்லாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து ராணி ரோட்டைத் தாண்டி வந்தாள். காது சிவந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே மலாயில் கடகடவென்று ஏதோ சொன்னாள். எங்களைப் பெற்றோர் என்று சொன்னாளோ, தெரிந்தவர்கள் என்று சொன்னாளோ, கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சொல்லி முடித்ததும் திரும்பவும் அந்தப் பக்கம் போய் அந்நியமாகிவிட்டாள்.

போலீஸ்காரர் கையை எடுத்தார். ஆனால் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. புருஷன் பெண்டாட்டி என்றால் பக்கத்தில் பக்கத்தில் நடந்து காட்டுங்கள் என்று கையால் காட்டினார். தெருக்கோடி வரைக்கும் தானே பின்னால் வந்து பார்ப்பதாகவும் காட்டினார்.

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் செல்லாயி பக்கத்தில் நடந்தேன். அதைவிட மலை ஏறிவிடலாம். என் முழங்கை அவளை இடித்தது, அவள் முழங்கை பையை இடித்தது. எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பக்கவாட்டில் இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. மூக்குத்தி இடது பக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்துவிட்டு, "நெம்ப நரெச்சுப் போச்சுங்களே மாமா," என்றாள். பின்னால் வந்துகொண்டிருந்தவன் தலை அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பேச்சில் இருவரும் வழியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு எதற்குச் சொல்வது என்று அவளும் சும்மா வந்தாள். தெருவோரத்து மழைநீர்ச் சாக்கடை இந்த ஊரில் ஓர் ஆள் ஆழம். அது நேராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"பள்ளம்."

குரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இங்கிலீஷ் இல்லை. மலாய் இல்லை. மேட்டிலிருந்து மேட்டுக்குக் கொடுக்கிற குரல், இழுத்துக் கடைசியில் இறக்குகிற அதே குரல். ராணி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு நின்றாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லாயி நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. எனக்குப் பழக்கம் வேறு. கேட்டதும் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். பின்னால் போலீஸ்காரர் வந்துகொண்டிருந்தாரே. "பள்ளம்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, உள்ளே விழுந்தேன்.

அவர் விழவில்லை.